மாவுக்கட்டு அறையிலிருந்து

ராஜா இல்லாத கோட்டை, தண்ணி இல்லாத ஆறு,
மரமில்லாத மலை என்று
பேர் வாங்கிய ஊர்க்காரன் நான்.
"அதெல்லாம் செட்டப்பு சார்" என்று
என் காதில் வந்து ரகசியம் சொல்லாதீர்கள்.

பத்தொன்பது வருஷமாய் மாவுக்கட்டுப் போடுகிறேன்.
ஜெயிப்பது யாரென்று முன்னாடியே பேசி வைத்ததுதான், சரி.
பலகையில் முதுகு போய் அறைகிறதே,
அதை யாரோடு பேசி வைப்பது?

என் கட்சி பழைய கட்சி.
எருமைக்கடாவுக்கும் பெட்டி வக்கீலுக்கும் நடந்த ஆட்டம்
(பெயர் நாங்கள் வைத்தது, கொசப்பேட்டை கேசட் கடையில்).
முதல் பதினோரு நிமிஷம்
வக்கீல் அந்த இடது முட்டியை விட்டு நகரவேயில்லை.
முறுக்குவான், உட்காருவான், மறுபடி முறுக்குவான்.
பாதிப் பேர் டீக்குடிக்கப் போய்விட்டார்கள்.
பன்னிரண்டாவது நிமிஷம்
கடா அவனைத் தலைக்குமேல் தூக்குகிறான்,
அரங்கமே எழுந்து நிற்கிறது,
முட்டி மடிந்துவிட்டது.

யாருக்கு மறந்தாலும்
அந்த முட்டிக்கு ஞாபகமிருந்தது.

இப்போது வருகிற முட்டிகளுக்கெல்லாம் மறதி வியாதி.
ஏணியிலிருந்து விழுகிறான்,
மேஜையோடு சேர்ந்து உடைகிறான்,
அடுத்த நிமிஷமே கயிற்றின் மேல் ஓடுகிறான்.
எக்ஸ்ரே எடுத்தால் உள்ளே எலும்பு இருக்குமா என்றே
எனக்குச் சந்தேகம்.

"இன்னாண்ணே நீ,
அது சண்டையா, ரிஜிஸ்டர் ஆபீஸ்ல பத்திரம் பதியறதா?"
இது முனவ்வர். மேல்விஷாரத்துக்காரன்,
என்னோடு அதே டூட்டி.
அவனுக்குப் பச்சை முகமூடிதான் எல்லாம்.
காற்றில் இரண்டு பல்டி, மூன்றாவதில் உதை.
நான் அதை சர்க்கஸ் என்பேன்,
அவன் என்னைக் கிழவன் என்பான்.
பந்தயம் ஆற்காடு மக்கன் பேடா.
இதுவரை யாரும் வாங்கிக் கொடுத்ததில்லை.

பேரணாம்பட்டிலிருந்து ஒருவர் வந்தார்,
தோல் ஷாப்பில் கை உருளைக்குள் போயிருந்தது.
முகத்தில் ஒன்றுமே இல்லை.
"டூட்டிக்கு எப்ப போலாம்?" அவ்வளவுதான் கேட்டார்.
ஒடுகத்தூர் அம்மா ஒருத்தி
புத்தூர்க் கட்டோடு, உடைந்த கணுக்காலில்
மூன்று நாள் ஆடு ஓட்டியிருக்கிறாள்.
கேட்டால், "லேசாத்தான் கீது" என்கிறாள்.

பகலெல்லாம் வலியை முழுங்குகிறவர்களைப் பார்த்துவிட்டு
ராத்திரி வீட்டுக்குப் போய்
கடைசி வரிசைக்கும் தெரிகிற மாதிரி
வலிக்கத் தெரிந்த ஒருத்தனைப் பார்க்கிறேன்.
அவன் பொய் சொல்கிறான் என்கிறீர்கள்.
யார்தான் இங்கே உண்மை சொன்னது?

இன்னொன்று. தொழில் சமாச்சாரம்.
தூக்கப்படுகிறவன் கொஞ்சம் எம்பிக் கொடுக்கவேண்டும்,
இல்லாவிட்டால் நூற்றைம்பது கிலோவை
எவனாலும் தோளில் போடமுடியாது.
மயக்கம் கொடுத்த ஆளை
ஸ்ட்ரெச்சரிலிருந்து மேஜைக்கு மாற்றிப் பாருங்கள், புரியும்.
நானும் முனவ்வரும் ஒன்று, இரண்டு, மூன்று என்கிறோம்,
பஞ்சுமாதிரி இருந்த ஆள் கருங்கல்லாய்க் கனக்கிறான்.

நேற்று ராத்திரி, ஒன்றரை மணி,
மின்விசிறி சூட்டையே திருப்பித் திருப்பி அடித்துக்கொண்டிருந்தபோது
ஒரு துண்டு வீடியோ அனுப்பினான்.
பச்சை முகமூடி ஏணி உச்சியில் நிற்கிறான்,
கீழே ஒருத்தன் மல்லாந்து கிடக்கிறான்.
பல்டி. அறை. கூச்சல்.
அதெல்லாம் எனக்கு ஒன்றுமில்லை.

விழுந்து புரண்ட அந்தக் குழப்பத்தில்
முகமூடியின் கை
கீழே கிடப்பவனின் மணிக்கட்டைத் தேடிப் பிடித்து
ஒருதரம் அழுத்துகிறது.
அரை நொடி தாமதம்.
பதிலுக்கு ஓர் அழுத்து வருகிறது.

மூன்று தடவை பின்னால் இழுத்துப் பார்த்தேன்.

நானும் அப்படித்தான் செய்கிறேன்.
மாவு காய்ந்ததும் விரல் நுனியை அமுக்கி,
ரத்தம் திரும்புகிறதா என்று.

ஆட்டத்துக்கு இரண்டரை நட்சத்திரம் என்று
நோட்டில் எழுதியிருந்தேன்,
அடித்து மூன்று என்று போட்டேன்.
முனவ்வரிடம் சொல்வதாக இல்லை.

ஆனாலும் அந்த ஏணி தேவையில்லை.